கோடு விழாத புகைபோக்கி

1

இது என் அக்கா கேட்டு எழுதும் கதை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த அத்தானின் சாவை எடுத்துக் கதை பண்ணும் அளவுக்கு எனக்கு விஷயப் பஞ்சம் வந்துவிடவில்லை. நான் பாட்டுக்கு, ஒரே தெருவில் எதிரெதிரே கடை போட்ட இரண்டு பல் டாக்டர்களின் சண்டையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சிரிப்புக் கதை. அது இப்போது பாதியில் கிடக்கிறது.

அக்கா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஊருக்கு வெளியே இருக்கும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி முழுசாகத் தெரியும். மேலே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதை வடிவமைத்து வரைபடம் போட்ட இன்ஜினியர் அக்காவின் கணவர், என் அத்தான். அது கட்டி முடிவதற்குள் அதன் உச்சியில் இறந்துபோனவரும் அவர்தான்.

"ஒரு கோடுகூட இல்ல, பாத்தியா?" என்றாள் அக்கா.

எந்தக் கோடு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்குப் பின்னால் சொல்கிறேன்.

"நீ கதைதானே எழுதுற? கதையில என்ன வேணாலும் பண்ணலாம்ல?"

"ஏதோ கொஞ்சம் பண்ணலாம்க்கா."

"அப்ப நிறுத்திக் காட்டு. அன்னைக்கு அங்க இருந்த யாருக்கும் நிறுத்தணும்னு தோணல. நீயாவது நிறுத்து."

சொல்லிவிட்டு என் கையிலிருந்த கிளிப் டப்பாவை வாங்கிக்கொண்டு கொடியின் அந்தப் பக்கம் போய்விட்டாள். அவளுக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. கேட்டதும் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு போர்வை வேண்டியிருந்தது. கொடியில் போர்வை தொங்கியது.

2

முதல் தொடக்கம்: "வானத்தை முட்டிக்கொண்டு நின்ற அந்தப் புகைபோக்கி"

வேண்டாம். அத்தான் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். "வானத்தை முட்டறதுக்கா கட்டறாங்க? புகை கீழ வராம இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்" என்பார். அக்காவைப் பார்த்து, "உன் துணியில கரி விழக் கூடாதுன்னுதான் இவ்வளவு உயரம் போட்டிருக்கேன்" என்று சேர்த்துக்கொள்வார். அது உண்மையும்கூட. புகையை எவ்வளவு உயரத்தில் விட்டால் அது எவ்வளவு தூரம் போய், எவ்வளவு கலைந்து, எங்கே இறங்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலையில் பாதி. மீதிப் பாதி, அந்த உயரத்தைக் காற்றுக்குச் சாயாமல் நிற்கவைப்பது.

இரண்டாம் தொடக்கம்: "அன்று காலை அவர் அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி"

இதுவும் பொய். பத்திரிகைக் கதைகளில் சாகப்போகிறவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள், இல்லையென்றால் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தான் இரண்டும் செய்யவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு "போயிட்டு வரேன்" என்றார். அக்கா குக்கருக்கு விசில் வந்துவிட்டதா என்று கவனித்தபடி "ம்" என்றாள். தினமும் இதேதான் நடக்கும்.

மூன்றாம் தொடக்கம் எழுதுவதற்குள் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லித்தர வேண்டும். பாடம் மாதிரி இருந்தால் மன்னியுங்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

3

வீடு கட்டுவதுபோல் புகைபோக்கி கட்ட முடியாது. அத்தனை உயரத்துக்கு யார் சாரம் கட்டுவது? ஆகவே வளையமாக ஓர் அச்சு செய்கிறார்கள். அச்சு என்றால் உள்ளே ஒரு தகடு, வெளியே ஒரு தகடு, நடுவே காங்கிரீட் ஊற்ற இடம். அந்த அச்சின்மேலேயே ஒரு பெரிய தட்டு. ஆட்கள் நிற்பது, கம்பி கட்டுவது, காங்கிரீட் கொட்டுவது எல்லாம் அந்தத் தட்டில். சுற்றிலும் ஜாக்கிகள் வைத்து, அச்சையும் தட்டையும் சேர்த்து மெல்ல மெல்ல மேலே தூக்கிக்கொண்டே இருப்பார்கள். கீழே இறுகிய காங்கிரீட் அச்சைவிட்டு வெளியே வர வர, மேலே புதுசாகக் கொட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நிற்பவனுக்கு அது தெரியவே தெரியாது. காலையில் நின்ற இடத்திலேயே நிற்பதாகத்தான் நினைப்பான்.

ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. இரவு பகல் கிடையாது. நிறுத்தினால் பழைய காங்கிரீட் இறுகிவிடும். அதன்மேல் புதுசு வந்து சேரும் இடத்தில், புகைபோக்கியைச் சுற்றி ஒரு கோடு விழும். பக்குவமாகச் செய்தால் பலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கோடு கோடுதான். எத்தனை வருஷம் ஆனாலும் தெரியும்.

(குறிப்பு: நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது என்று அத்தானே தன் வரைபடங்களின் ஓரத்தில் எழுதிவைப்பார். மேல்பரப்பைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் ஊற்றி, பிறகு தொடர வேண்டும் என்று. அதாவது நிறுத்தலாம் என்று அவருக்குத் தெரியும். எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். இந்தக் குறிப்பை அடைப்புக்குள் போட்டிருப்பதற்குக் காரணம், வெளியே போட்டால் எனக்குக் கோபம் வருகிறது.)

இன்னும் ஒன்று. அந்த வேலையில் ஆள் ஏறும் கூண்டும் காங்கிரீட் வாளியும் ஒரே கயிற்றில்தான். கூண்டை மாட்ட வேண்டுமென்றால் வாளியைக் கழற்ற வேண்டும். ஆட்கள் முறை மாறும் நேரத்தில் மட்டும், முன்கூட்டியே மேலே காங்கிரீட்டைச் சேர்த்துவைத்துக்கொண்டு மாற்றுவார்கள். நடுவில் மாற்றினால் வேலை நிற்கும். தட்டில் ஒரு மணி தொங்கும். மணியை ஒரு தட்டுத் தட்டினால் கீழே இருப்பவன் வாளியை ஏற்றுவான், இரண்டு தட்டினால் இறக்குவான். விடாமல் அடித்தால் எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம்.

பாடம் முடிந்தது. அந்த மணியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

இப்போது அத்தானைப் பாத்திரமாக்க வேண்டும். இங்கேதான் எனக்கு உதைக்கிறது.

அவர் கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் தூண் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் உட்காருவார். துண்டை மடித்தால் ஓரத்தோடு ஓரம் சேரும். இவ்வளவு சொன்னதும் நீங்கள் ஒரு சிடுமூஞ்சியை நினைத்திருப்பீர்கள். அதுதான் இல்லை. எதற்கும் சிரிப்பார். கிண்டல் செய்தால் செய்தவர்களைவிட அதிகம் சிரிப்பார். சிரிக்கிறவரை எப்படி நம்புவது? வலித்ததா, வலிக்கவில்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? என் பாத்திரங்களில் யாரும் இவ்வளவு சிரிப்பதில்லை. எனக்கு அழுகிறவர்களை எழுதத்தான் வரும்.

இதற்கு முந்தைய புகைபோக்கி ஒரு சர்க்கரை ஆலைக்காக. பாதி உயரத்தில் ஜாக்கிகள் மக்கர் பண்ணி, வேலை ஒரு நாள் முழுக்க நின்றுபோனது. கோடு விழுந்தது. முடிந்ததும் அத்தான் எங்கள் எல்லாரையும் வண்டியில் ஏற்றிக் காட்டக் கூட்டிப்போனார். இறங்கி அண்ணாந்து பார்த்தோம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க, உங்க சிம்னிக்கு அரைஞாண் கட்டிவிட்டிருக்கீங்களா?" என்றாள்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஆலைக் காவலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் அதற்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. "அரைஞாண் கட்டினதுக்குப் பக்கத்துல பஸ் நிக்கும்" என்று வழி சொல்வோம். அத்தானே அப்படித்தான் சொல்வார்.

இது அன்பில் செய்த கிண்டல். இந்தக் கதையைப் படிக்கிற யாரும் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. அக்காவும்தான்.

5

மேஸ்திரியைத் தேடிப் போனேன். அன்று தட்டில் வேலையை நடத்தியவர் அவர்தான். இப்போது வேறொரு இடத்தில் இன்னொரு புகைபோக்கிக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தார். தகரக் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

"தட்டு லேசா முறுக்கிக்கிட்டுப் போகுதுன்னு சாருக்கு சொல்லிவிட்டோம்மா. ஏறும்போது சில சமயம் பாட்டில் மூடி மாதிரி திரும்பும். அதைப் பாக்கத்தான் காலையில ஆள் மாறுறப்ப கூண்டுல வந்தாரு. தூக்குக்குண்டு போட்டுப் பாத்தாரு, நாலு ஜாக்கியை மாத்தி வைக்கச் சொன்னாரு. சரியாயிடுச்சு. மதியத்துக்கு மேல வேர்த்துச்சு அவருக்கு. நல்ல வெயில், எங்க எல்லாருக்கும்தான் வேர்த்துச்சு. ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு ஓரமா உக்காந்தாரு."

"என்ன பண்ணுதுன்னு கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பேனா? வாயுப் பிடிப்பு, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னாரு. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு. நிறுத்திட்டுக் கூண்டைக் கொண்டாரச் சொல்லட்டுமா சார்னேன். மணிக் கயித்துல கையே வச்சிட்டேன்மா. வெயில்ல காங்கிரீட் சீக்கிரம் இறுகுது, சேத்து வைக்கவும் முடியல. நிறுத்தினா நின்னதுதான். ஆனா நான் கை வச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

மேஸ்திரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னதாகச் சொன்னார்: "

இந்த வரியை இப்படியே விட்டுவிடுகிறேன். அச்சுப் பிழை என்று நினைத்து யாரும் திருத்த வேண்டாம்.

மேஸ்திரி மறுபடி ஒருமுறை போய்க் கேட்டாராம். கையை ஆட்டி, வேலையைப் பார் என்று சைகை காட்டினாராம் அத்தான். அதற்கடுத்த முறை போனபோது கைப்பிடிக் கம்பியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். அசந்துவிட்டார் என்று நினைத்து, வெயில் படாமல் ஒரு சாக்கை மேலே கட்டிவிட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கூண்டு வந்தபோதுதான் எழுப்பிப் பார்த்தார்கள்.

"நாங்க நிறுத்தி வேலை செஞ்சு பழகலம்மா" என்றார் மேஸ்திரி. "ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் எங்களுக்குப் படும்."

அவர் மேல் கோபப்படலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் எனக்கு ஒன்று தோன்றியது. அத்தான் உட்கார்ந்த இடத்துக்கும் இறந்த இடத்துக்கும் நடுவே இடுப்பு உயரம் இருக்கும். அந்த நேரமெல்லாம் தட்டு ஏறிக்கொண்டேதான் இருந்தது. நெஞ்சு வலியோடு, எழுந்து நிற்கக்கூட முடியாமல், அவர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். பேருந்தில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

6

அக்காவுக்கு மூன்று முடிவுகள் யோசித்தேன்.

ஒன்று: அத்தான் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். மேஸ்திரி மறுக்கிறார். இதை எழுதினால் அக்கா ஆயுசு முழுக்கத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைப்பான். திட்டுவது நல்ல மருந்து. ஆனால் மணிக் கயிற்றில் கை வைத்த மனிதரின் தலையில் இதைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டு: அத்தானுக்கு எதுவுமே தெரியாது. உட்கார்ந்தார், கண்ணை மூடினார், போய்விட்டார். யார் நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. டாக்டரிடம்கூடக் கேட்டேன். "உடனே கொண்டுவந்திருந்தா? சொல்ல முடியாதும்மா" என்றார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது?

மூன்று: அவர் கடைசியாக அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை

நிறுத்திவிட்டேன். ஏனென்றால் இது நடந்தது. அவர் கடைசியாகச் சொன்னது அக்காவின் வார்த்தைதான்.

(இந்தப் பகுதியை அக்காவிடம் காட்டுவதற்கு முன் கிழித்துவிட வேண்டும்.)

7

கிழிக்க மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? என் கதை எதுவானாலும் முதலில் படிப்பவள் அக்காதான். நான் குளித்துவிட்டு வருவதற்குள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதி படித்துவிட்டிருந்தாள்.

"இதுல எதுக்குடி பல் டாக்டர்?" என்றாள்.

"சும்மாதான்க்கா. ஆரம்பத்துல கொஞ்சம் லேசா இருக்கட்டும்னு."

"நான் போர்வையில முகத்தை மறைச்சேன்னு எழுதியிருக்க. நான் உலர்த்திக்கிட்டிருந்தேன்."

"சரி, எடுத்துடறேன்."

"இருக்கட்டும்."

ஐந்தாம் பகுதிக்கு வந்தாள். அந்த வரியில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது.

"இங்க ஏன் நின்னுபோச்சு?"

"இன்னும் எழுதலக்கா."

"மேஸ்திரி என்ன சொன்னாரு?"

"சரியா ஞாபகம் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மடித்து, பக்கத்தில் வைத்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"அரைஞாண் வேணாம்யான்னு சொன்னாராமா?"

"இல்ல" என்றேன். உடனே சொன்னேன். யோசிக்காமல் சொன்னால் உண்மை மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். "அப்படியெல்லாம் எதுவும் இல்லக்கா. வாயுப் பிடிப்புன்னு மட்டும்தான் சொன்னாராம்."

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அவளுடைய பேனாவை உடைத்துவிட்டு நான் நின்றபோது பார்த்த அதே பார்வை.

"உனக்குப் பொய் எழுதத்தான்டி வரும். சொல்ல வராது."

எழுந்து அடுப்பை அணைத்தாள். பொங்கி வழிந்த பாலைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது. அத்தான் இறந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

"நான் சும்மா கிண்டலுக்குத்தானே சொன்னேன்."

"தெரியும்க்கா."

"அவரும் சிரிச்சாரே."

"ஆமா. எங்க எல்லாரையும்விட அவர்தான் சிரிச்சாரு."

"சிரிச்சவரு மனசுல இப்படி வச்சிக்கிட்டிருப்பாருன்னு நான் எப்படி"

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் எழுத்தாளரின் கைவரிசை. இது அப்படியல்ல. என்னால் முடிந்த சமாதானம் எல்லாம் சொன்னேன். வலியை மறைக்க அந்த நேரத்துக்கு வாயில் வந்த வேடிக்கை அது, வேறு ஒன்றும் இல்லை என்றேன். உன்னை நினைத்துக்கொண்டுதான் சிரித்திருப்பார் என்றேன். எனக்கே தெரியாததை இரண்டு விதமாகச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, என் எதிரே உட்கார்ந்து, காகிதங்களை என் பக்கம் நகர்த்தினாள்.

"அவர் சொன்னதையே எழுது. மாத்தாத. நான்தான் சொன்னேன், அது எங்க போகும்?"

"வேணாம்க்கா."

"எழுது. ஆனா அந்த மேஸ்திரி அவர் பேச்சைக் கேக்கக் கூடாது."

8

ஆகவே எழுதுகிறேன்.

மதியத்துக்கு மேல் நல்ல வெயில். அத்தான் கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். சட்டை முழுக்க நனைந்திருக்கிறது. மேஸ்திரி மணிக் கயிற்றில் கை வைத்து, "நிறுத்தட்டுமா சார்?" என்று கேட்கிறார்.

அத்தான் சிரிக்கிறார். "அரைஞாண் வேணாம்யா. வீட்டுல கிண்டல் பண்ணுவா."

மேஸ்திரி அவர் முகத்தைப் பார்க்கிறார். அச்சைப் பார்க்கிறார். வாளி பாதி வழியில் வந்துகொண்டிருக்கிறது.

"பண்ணினா பண்ணட்டும் சார்" என்கிறார். கயிற்றை இழுக்கிறார்.

மணி விடாமல் அடிக்கிறது. ஜாக்கிகள் நிற்கின்றன. கரணை வைத்துக் காங்கிரீட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். வேலை ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாகத் தட்டு அசையாமல் நிற்கிறது, காற்றுச் சத்தம் கேட்கிறது. வாளியைத் திருப்பி இறக்குகிறார்கள், கழற்றுகிறார்கள், கூண்டை மாட்டுகிறார்கள். அதற்குள் மேலே காங்கிரீட் இறுக ஆரம்பித்துவிட்டது. ஆகட்டும். கூண்டு மேலே வருகிறது. நாலு பேர் கைத்தாங்கலாக அவரைத் தூக்கி உள்ளே உட்காரவைக்கிறார்கள். அவர் திட்டுகிறார். மணியில் இரண்டு தட்டு. கூண்டு புகைபோக்கியின் உள்ளே, இருட்டுக்குள் இறங்குகிறது.

மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கோடு தெரியும். சிவப்புப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே. அக்கா துணி உலர்த்தும்போதெல்லாம் பார்க்கலாம். வேண்டுமானால் கிண்டல் செய்யலாம்.

எழுதுகிறவள் என்ற உரிமையில் அக்காவைப் புகைபோக்கியின் அடியில், உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறேன். துணி பிழிந்த கையைச் சேலையில் துடைத்தபடி அண்ணாந்து பார்க்கிறாள். கூண்டு மேலிருந்து ஒரு புள்ளியாக வந்து, பெரிதாகி, கடைசியில் தரையில் முட்டி நிற்கிறது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது.

இதற்குமேல் என்னால் முடியாது. அன்று சாயங்காலம் நிஜமாகவே அந்தக் கூண்டு இறங்கியபோது, அத்தானோடு வீடு திரும்பலாம் என்று போயிருந்த நான் அங்கே நின்றேன். கதவைத் திறந்ததும் என்ன பார்த்தேன் என்பது எனக்குள் இருக்கிறது. நான் திறந்தால் மறுபடி அதைத்தான் எழுதுவேன்.

உங்களுக்கு அத்தானைத் தெரியாது. நீங்கள் அவரைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் திறக்கச் சொல்லி உங்களிடம் கேட்கிறேன். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், மேலே தூக்கி இழுக்க வேண்டும்.

அவசரமில்லை. ஆனால் அக்கா நின்றுகொண்டிருக்கிறாள்.